40 வயதில் இத்தாலிய சமையல் பள்ளி: தொட்டியத்துக் கைக்கு செட்டாகுமா?

"ஏம்ப்பா, நல்ல வேலையில இருக்கே. இந்த வயசுல போய் சமையல் படிக்கப் போறேங்கிறியே... அதுவும் இத்தாலி சமையலா?"

தொட்டியம் மாதிரி ஓர் ஊரில் பிறந்து, சென்னையிலோ பெங்களூருவிலோ பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, 'இனிமேல் சமையல்தான்' என்று ஒருவர் முடிவெடுத்தால், வீட்டில் முதலில் விழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். காவிரியின் வடகரையில், திருச்சியிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் முசிறியைத் தாண்டினால் வரும் ஊர் தொட்டியம். வாழையும் வெற்றிலையும் விளையும் மண். அங்கே சமையல் என்பது வீட்டில் தானாக வரும் விஷயம். அதற்குப் பள்ளிக்கூடம், அதற்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் என்றால் யாருக்கும் புரியாது.

அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. மாதச் சம்பளம் நிற்கும். சேமிப்பு கரையும். படித்து முடித்தபின், கிச்சனில் உங்களைவிட இருபது வயது சின்னவர் 'வெங்காயம் ஏன் இன்னும் ரெடியாகல?' என்று சத்தம் போடுவார். அப்படியும் போகலாமா? போனால் உண்மையில் என்ன கிடைக்கும்?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 டிசம்பரில் தில்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் நம் தீபாவளி, மனித குலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்ந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதே கூட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: இத்தாலிய சமையல். தனியாக ஒரு பதார்த்தம் மட்டும் அல்ல. அந்த நாட்டு மக்கள் சமைக்கும், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் முறையே அங்கீகாரம் பெற்றது.

நம்மூரில் இத்தாலிய உணவு என்றால் பீட்சாவும் வெள்ளை சாஸ் பாஸ்தாவும்தான். பள்ளியில் சேர்பவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது, 'இத்தாலிய சமையல்' என்று ஒன்றே ஒன்று கிடையாது என்பதைத்தான். வடக்கில் வெண்ணெயும் அரிசியும் முட்டை சேர்த்த பாஸ்தாவும். தெற்கில் ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் காய்ந்த பாஸ்தாவும். செட்டிநாட்டுக் குழம்பும் கொங்குநாட்டுக் குழம்பும் ஒன்றா என்ன? அதே கதைதான்.

45 வயதில் மாறிய வாழ்க்கை

தாமதமாகக் கற்றவர்களின் கதையை மார்செல்லா ஹசானிடமிருந்து தொடங்கலாம். 1924-ல் இத்தாலியின் எமிலியா ரோமாஞ்ஞா பகுதியில் செசனாட்டிகோ என்ற கடலோர ஊரில் பிறந்தவர். சிறுவயதில் கை முறிந்து பல அறுவை சிகிச்சைகள் செய்தும், வலது கை கடைசி வரை முழுதாகச் சரியாகவில்லை. படித்தது அறிவியல், அதில் முனைவர் பட்டம். 1955-ல் திருமணமாகி, கணவர் விக்டருடன் நியூயார்க் போய் இறங்கியபோது அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, சமையலும் தெரியாது.

கணவர் நல்ல சாப்பாட்டுப் பிரியர். வேறு வழியில்லாமல், ஓர் இத்தாலிய சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். சமைக்கச் சமைக்க, சின்ன வயதில் வீட்டில் சாப்பிட்ட ருசி ஞாபகம் வந்தது. அந்த ருசி வரும்வரை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்.

1969-ல் அவர் சேர்ந்த சமையல் வகுப்பு இத்தாலிய வகுப்பு அல்ல. நியூயார்க்கில் நடந்த சீன சமையல் வகுப்பு. அது பாதியில் நின்றுபோனது. உடன் படித்தவர்கள், 'உங்கள் ஊர் சமையலைச் சொல்லிக்கொடுங்களேன்' என்று கேட்டார்கள். தன் அடுக்குமாடி வீட்டின் சின்ன சமையலறையில் வகுப்பு தொடங்கினார். அப்போது வயது 45. அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் உணவுப் பகுதி ஆசிரியர் கிரெய்க் கிளைபோர்ன் அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அந்தக் கட்டுரை வெளிவந்ததும் வகுப்புக்குக் கூட்டம் வந்தது. 1973-ல் முதல் புத்தகம். பிறகு இத்தாலியின் பொலோன்யா நகரில் சொந்த சமையல் பள்ளி. 2013-ல் 89 வயதில் அவர் இறந்தபோது, அமெரிக்காவுக்கு இத்தாலிய சமையலைக் கற்றுக்கொடுத்தவர் என்றே எழுதினார்கள்.

இந்தக் கதையில் தொட்டியத்துக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மார்செல்லாவுக்குக் கைப்பழக்கம் இல்லை. ஆனால், 'சரியாக வந்தால் எப்படி இருக்கும்' என்பது அவர் நாக்குக்கு முன்பே தெரியும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு நிலைமை தலைகீழ். கைப்பழக்கம் ஓரளவு இருக்கும்; அந்த ருசியின் ஞாபகம் இருக்காது. பள்ளிக்கூடத்தின் முக்கியமான உபயோகமே இந்த இடைவெளியை அடைப்பதுதான்.

ஃபெயிலான மாணவி, கத்தி பிடித்த எடிட்டர்

ஜூலியா சைல்ட் என்ற அமெரிக்கப் பெண், பாரிஸில் புகழ்பெற்ற லெ கார்டன் ப்ளூ சமையல் பள்ளியில் 1949-ல் சேர்ந்தபோது வயது 37. உடன் படித்தவர்கள் இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டுத் திரும்பிய முன்னாள் ராணுவத்தினர். முதல்முறை எழுதிய இறுதித் தேர்வில் ஜூலியா தோற்றார். திரும்ப எழுதித்தான் பாஸ் ஆனார். அவருடைய முதல் புத்தகம் வந்தது 1961-ல், 49 வயதில். டி.வி. நிகழ்ச்சி அதற்கும் பிறகு. அவர் படித்தது பிரெஞ்சு சமையல்தான். ஆனால், தாமதமாகச் சேர்ந்த மாணவருக்குப் பலன் கைக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கு இது நல்ல கணக்கு: சேர்ந்ததிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள்.

இன்னொருவர் பில் புஃபர்ட். நியூயார்க்கர் பத்திரிகையில் இலக்கியப் பகுதி ஆசிரியராக இருந்தவர். நாற்பதுகளின் பிற்பகுதியில், நியூயார்க்கின் பாபோ என்ற இத்தாலிய உணவகத்தில் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்து இத்தாலி போய், பாஸ்தா மாவு தேய்ப்பதை ஒருவரிடமும், இறைச்சி வெட்டுவதை இன்னொருவரிடமும் கற்றார். 2006-ல் வெளிவந்த அவருடைய 'ஹீட்' புத்தகத்தைப் படித்தால், படித்த மனிதர் ஒருவருக்கு கிச்சனில் எத்தனை விஷயம் தெரியாமல் இருக்கும் என்பது புரியும்.

பள்ளியில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

ரெசிபி யூடியூபிலேயே கிடைக்கும். பள்ளியில் காசு கொடுத்து வாங்குவது மூன்று விஷயங்கள்: கை, காது, நாக்கு.

கை: ஆரம்ப நாள்கள் முழுக்கக் கத்திதான். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் ஒரே அளவில் பொடியாக நறுக்க வேண்டும். இதை எண்ணெயிலோ வெண்ணெயிலோ மெல்ல வதக்கினால் கிடைப்பதுதான் 'சோஃப்ரித்தோ'. நம் தாளிப்பு மாதிரி பல பதார்த்தங்களுக்கு அதுதான் அஸ்திவாரம். துண்டுகள் பெரிசும் சிறிசுமாக இருந்தால் சிறிசு கருகும், பெரிசு வேகாது.

காது: தாளிப்பில் கடுகு படபடவென வெடிக்க வேண்டும், எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சோஃப்ரித்தோவில் சத்தமே பெரிதாக வரக்கூடாது. அடுப்பு தணிந்து, வெங்காயம் நிறம் மாறாமல் குழைய வேண்டும். பல வருஷம் தாளித்த கைக்கு, தீயைக் குறைத்துவிட்டுச் சும்மா நிற்பதுதான் கஷ்டமான பாடம்.

நாக்கு: பாஸ்தா வேகவைக்க ஒரு பொதுக்கணக்கு உண்டு. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. உள்ளே லேசாகக் கடிபட வேண்டும். அதைத்தான் 'அல் தென்தே' என்கிறார்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. அதிலிருக்கும் மாவுச்சத்துதான் சாஸையும் பாஸ்தாவையும் ஒட்டவைக்கும். சோறு வடித்த கஞ்சியை வீணாக்காத ஊர்க்காரருக்கு இதைப் புரியவைக்க நேரம் ஆகாது.

அரிசியில்தான் மோதல் வரும். ரிசோட்டோ என்ற அரிசி உணவுக்கு ஆர்போரியோ, கர்னரோலி போன்ற குட்டையான, மாவுச்சத்து மிகுந்த ரகங்கள் வேண்டும். முதல் விதியே, அரிசியைக் கழுவாதே என்பது. கழுவினால் மேலே இருக்கும் மாவு போய்விடும். ரிசோட்டோ கெட்டியாகச் சேராது. மூன்று தண்ணீரில் களையாமல் அரிசியை உலையில் போடாத வீட்டிலிருந்து வந்தவருக்குக் கை கூசும். அப்புறம் வெண்ணெயில் அரிசியைச் சூடேற வறுத்து, கொதிக்கும் சாறைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, கிளறி, கடைசியில் வெண்ணெயும் சீஸும் சேர்ப்பார்கள். முடிவில் தட்டில் போட்டால் அலைபோலப் பரவ வேண்டும். நெய் விட்டுக் குழைத்த வெண்பொங்கலை நினைத்துக்கொண்டால் பாதி தூரம் வந்தாச்சு.

தொட்டியத்துக் கைக்கு என்ன லாபம்?

ஆர்ட்டிச்சோக் என்று ஒரு காய், பார்க்கப் பெரிய மொட்டு மாதிரி இருக்கும். ரோம் நகரச் சமையலில் அதற்குத் தனி மரியாதை. வெளியே முற்றிய மடல்களை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளே இருக்கும் இளசை மட்டும் எடுத்து, கறுக்காமல் இருக்க உடனே எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது பெரிய வேலை.

வாழைப்பூ ஆய்ந்த கைக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? மடலைப் பிரித்து, நரம்பை எடுத்து, நறுக்கியதை மோரில் போடுவதும் அதே காரணத்துக்குத்தான். காற்றுப்பட்டால் கறுக்கும், புளிப்பு அதைத் தடுக்கும். வாழைத்தண்டில் நார் எடுக்கத் தெரிந்தவருக்கு செலரியில் நார் எடுப்பது விளையாட்டு. முறுக்கு மாவின் பதம் விரலுக்குத் தெரிந்தவருக்கு, 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசையும் பாஸ்தா மாவின் பதமும் சீக்கிரம் பிடிபடும்.

இன்னும் ஒன்று. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸை இன்ன பகுதியில்தான் செய்ய வேண்டும், குறைந்தது 12 மாதம் முதிரவிட வேண்டும் என்று இத்தாலியில் சட்டமே உண்டு. ஊர்ப்பெயரும் பண்டமும் பிரியாது. திருச்சி மாவட்டக்காரருக்கு இது புது விஷயம் அல்ல. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே. தக்காளியும் மிளகாயும் நமக்கும் அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். ரோம் நகரத்து 'காச்சோ எ பேபே' பாஸ்தாவில் சீஸுக்கு அடுத்து முக்கியமான சரக்கு மிளகு. அது நம் பக்கத்திலிருந்து போனது.

பாதகமும் இருக்கிறது. நமக்குக் கை நிறையப் போட்டுப் பழக்கம். அங்கே மூன்று, நான்கு சரக்கிலேயே முடித்துவிடுவார்கள். 'கொஞ்சம் காரம், கொஞ்சம் சோம்பு சேர்த்தா இன்னும் நல்லா இருக்குமே' என்று தோன்றுவதை அடக்குவது லேசல்ல. சரக்கு குறைவாக இருந்தால் தப்பை மறைக்கவும் இடம் இருக்காது.

சைவக்காரர் என்றால்?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் கிளம்பினால் இந்தக் கேள்வி முதலில் வரும். தொழில்முறைப் படிப்பில் மீனும் இறைச்சியும் வெட்டாமல், ருசி பார்க்காமல் தப்பிப்பது கடினம். மேலே சொன்ன பார்மிஜானோ சீஸ்கூட, பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்த்துத்தான் செய்யப்படுகிறது. பல சைவ வீடுகளில் இது தெரியாமலே பாஸ்தா மேல் தூவப்படுகிறது. பணம் கட்டும் முன்பே பள்ளிக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. குறுகிய காலப் படிப்புகளில் சில இடங்களில் சைவத்துக்கு வழி கிடைக்கலாம்.

எங்கே படிக்கலாம்?

இத்தாலியில் தொழில்முறைப் படிப்புக்குப் பெயர் பெற்றவை பெரிய நகரங்களில் மட்டும் இல்லை. பார்மா அருகே கொலோர்னோ என்ற சிற்றூரில், பழைய அரண்மனை ஒன்றில் 2004 முதல் அல்மா பள்ளி நடக்கிறது. இத்தாலியில் முதன்முதலாக மூன்று மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய குவால்டியேரோ மார்கேசி அதன் முதல் தலைவர். வெளிநாட்டவருக்கென்றே 1991-ல் தொடங்கிய ஐ.சி.ஐ.எஃப். பள்ளி, ஆஸ்தி அருகே ஒரு கோட்டையில் இருக்கிறது. ரோம், மிலான், ஃப்ளாரன்ஸ் நகரங்களில் ஒரு நாள் வகுப்பு முதல் பல மாதப் படிப்பு வரை கிடைக்கும்.

பெரிய நகரத்தில் படிப்பதில் ஒரு லாபம்: உணவகங்கள் அதிகம், பயிற்சி வாய்ப்பும் அதிகம். நஷ்டம், வீட்டு வாடகை. சின்ன ஊரில் செலவு குறையும். ஆனால் இத்தாலிய மொழி இல்லாமல் காய்கறிகூட வாங்க முடியாது. எங்கே போனாலும் போகும் முன் ஆறு மாதமாவது மொழி படித்துவிட வேண்டும். கிச்சனில் உத்தரவு சப்டைட்டிலோடு வராது.

90 நாளுக்கு மேல் தங்கும் படிப்பென்றால் நீண்டகால மாணவர் விசா வேண்டும். தங்குமிடம், கையிருப்பு, மருத்துவக் காப்பீடு மூன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். போய் இறங்கிய எட்டு வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போகும் முன் பக்கத்தில் பார்க்கலாம். திருச்சி துவாக்குடியில் மாநில ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஐ.எச்.எம். இருக்கிறது. பட்டப்படிப்பு தவிர, குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளும் இத்தகைய நிறுவனங்களில் உண்டு. வயது வரம்பு படிப்புக்குப் படிப்பு மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். கத்தி பிடிப்பது, சுகாதார விதிகள், பத்து மணி நேரம் நிற்பது ஆகிய மூன்றையும் இங்கேயே குறைந்த செலவில் பழகிவிட்டால், இத்தாலியில் கட்டும் ஃபீஸ் வெங்காயம் நறுக்கப் பழகுவதிலேயே தீர்ந்துபோகாது.

பள்ளிக்கே போகாத தமிழர்கள்

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் பலர், டொராண்டோவிலும் பாரிஸிலும் உணவகங்களில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்தார்கள். கழுவும் தொட்டியிலிருந்து காய் நறுக்கும் மேடைக்கும், அங்கிருந்து அடுப்புக்கும் நகர்ந்தார்கள். டொராண்டோவின் பல இத்தாலிய, பிரெஞ்சு உணவகங்களில் பாஸ்தா கிளறிய கைகள் யாழ்ப்பாணத்துக் கைகள்தான். சான்றிதழ் இல்லை, சுவரில் பெயரும் இல்லை. ஆனால் வேலை தெரிந்தது, சம்பளம் வந்தது.

இந்தியாவில் இத்தாலிய சமையலுக்கு முகம் கொடுத்த ரிது டால்மியாவும் சமையல் பள்ளியில் படித்து வந்தவர் அல்ல. குடும்பத் தொழிலுக்காக இத்தாலி போய் வந்தவர். தில்லியில் அவர் 1993-ல் தொடங்கிய முதல் உணவகம் நிலைக்கவில்லை. 2000-ல் தொடங்கிய 'தீவா' நின்றது. 2017-ல் மிலான் நகரத்திலேயே ஓர் இந்திய உணவகம் திறந்தார்.

அப்படியென்றால் பள்ளி வேண்டாமா? வேண்டியவர்கள் உண்டு. பாத்திரம் கழுவித் தொடங்கினால் அடுப்புக்கு வர ஐந்து வருஷம் ஆகலாம். 25 வயதில் அது சரி. 40-ல் அவ்வளவு காலம் கையில் இல்லை. அந்த வருஷங்களைச் சுருக்கத்தான் ஃபீஸ் கட்டுவது.

வேலை கிடைக்குமா?

உள்ளதைச் சொன்னால், சான்றிதழ் கதவைத் திறக்கும். உள்ளே நிற்பது உங்கள் முழங்கால் பாடு. உணவக கிச்சனில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை. எல்லோரும் ஓய்வெடுக்கும் ஞாயிறும் பண்டிகையும்தான் அங்கே பிஸியான நாள். தொடக்கச் சம்பளம், விட்டுவந்த ஐ.டி. சம்பளத்தின் பக்கத்தில்கூட வராது. பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம், வீட்டுக் கடன் மூன்றும் காத்திருக்காது. படிப்புக் காலத்துக்கு மட்டும் இல்லாமல், முடித்தபின் குறைந்தது ஓராண்டு வருமானம் இல்லாமல் சமாளிக்கும் பணம் தனியாக வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் பாதுகாப்பு.

தாமதமாக வருபவர்களுக்கு உணவக வரிசையைவிட மற்ற வழிகள் பொருந்துவதும் உண்டு: வீட்டு வகுப்பு, சின்ன கேட்டரிங், உணவு எழுத்து, சொந்தமாகப் பாஸ்தா, சாஸ் தயாரிப்பு. மார்செல்லாவும் ஜூலியாவும் உணவகம் நடத்திப் பேர் வாங்கவில்லை, சொல்லிக்கொடுத்துத்தான் வாங்கினார்கள். பதினைந்து வருஷம் அலுவலகத்தில் பழகிய கணக்கு, திட்டமிடல், ஆட்களிடம் பேசும் பக்குவம் இங்கே கைகொடுக்கும்.

முதலில் இதைச் செய்து பாருங்கள்

ராஜினாமா கடிதம் எழுதும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம். மார்செல்லாவின் தக்காளி சாஸ் உலகப் பிரசித்தம். தோல் நீக்கிய தக்காளி இரண்டு கப், வெண்ணெய் ஐந்து டேபிள்ஸ்பூன், தோலுரித்து இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு. அவ்வளவுதான். பூண்டு கிடையாது, மிளகாய் கிடையாது. சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். அவ்வப்போது கிளறி, கடைசியில் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் தீயைக் கூட்டத் தோன்றும். அஞ்சறைப்பெட்டி பக்கம் கை போகும். ஃபோனை எடுத்து ஸ்க்ரோல் பண்ணத் தோன்றும். எதையும் செய்யாமல் அடுப்பருகே நின்று, சாஸ் நிறம் மாறுவதையும் வெண்ணெய் மேலே பிரிந்து மிதப்பதையும் பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததா? அடுத்த ஞாயிறும் அதையே செய்யத் தோன்றுகிறதா?

ஆமாம் என்றால், தொட்டியத்து வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கலாம். வாய்ப்பேச்சு எதுவும் வேண்டாம். ஒரு தட்டில் பாஸ்தாவும் அந்த சாஸும் போட்டு அம்மா முன்னால் வைத்தால் போதும். 'உப்பு கம்மி' என்றுதான் முதலில் சொல்வார். இரண்டாவது வாய்க்குக் கை போகிறதா என்று பாருங்கள்.